ஆங்கிலப் புரோநவுன்கள் வந்த வழி

1603 நவம்பர் 17. லண்டனில் பிளேக் பரவியிருந்ததால் விசாரணை வின்செஸ்டர் கோட்டைக்கு மாற்றப்பட்டிருந்தது. கூண்டில் நின்றவர் சர் வால்ட்டர் ராலே. கடலோடி, கவிஞர், மறைந்த ராணி எலிசபெத்தின் செல்வாக்கைப் பெற்றிருந்தவர். புதிய மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு எதிராகச் சதி செய்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் வாதாடிய அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் கோக், ராலேயைத் துரோகி என்று ஏசியதோடு நிறுத்தவில்லை. ‘தௌ’ போட்டுத்தான் உன்னிடம் பேசுவேன் என்று பலரறியச் சொல்லி, அவரை ஒருமையில் விளித்தார். நிறைந்த அவையில் ஒரு சீமானை ‘தௌ’ என்பது, ஊர்ப் பெரியவரைப் பஞ்சாயத்தில் வைத்து ‘டேய்’ என்று கூப்பிடுவதற்குச் சமம்.

இன்று ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு ‘தௌ’ தெரியாது. ‘ஐ, வீ, யூ, ஹீ, ஷீ, இட், தே’ என்று ஒப்பிக்கிறது. அடுத்து பெர்சனல், ரிஃப்ளெக்சிவ், டெமான்ஸ்ட்ரேட்டிவ், ரிலேட்டிவ், இன்டெராகேட்டிவ், இன்டெஃபினிட் என்று வகைகளின் பட்டியல். பரீட்சையில் கோடிட்ட சொல் எந்த வகை என்று எழுத வேண்டும். யாரோ ஒருவர் ஒரே நாளில் உட்கார்ந்து வகுத்துக் கொடுத்தது போலத்தான் அந்தப் பட்டியல் புத்தகத்தில் தெரிகிறது. உண்மையில் அதிலுள்ள சொற்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில், சில வேறு நாட்டாரிடமிருந்தும் வந்து சேர்ந்தவை. வகைகளும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கூடின. இந்த வரலாற்றைக் கொஞ்சம் அறிந்தவருக்கு அந்தப் பரீட்சைக் கேள்வியின் பாதி சிக்கல் அவிழ்ந்துவிடும்.

பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல்லைத் தனி இனமாகப் பிரித்தவர்கள் கிரேக்கர்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் பயின்ற டயோனிசியஸ் திராக்ஸின் பெயரில் வழங்கும் சிறிய இலக்கண நூல், சொற்களை எட்டாகப் பகுத்து, அதில் ஓரிடத்தைப் பிரதிப்பெயருக்கு, அதாவது புரோநவுனுக்கு, கொடுத்தது. ரோமாபுரியின் டொனாட்டஸும் கான்ஸ்டான்டிநோப்பிளின் பிரிஸியனும் அதே பாகுபாட்டை லத்தீனுக்குக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய மடாலயப் பள்ளிகளில் ஆயிரம் ஆண்டு இவர்களே பாடம்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 1000-ஆவது ஆண்டில் அல்ஃப்ரிக் என்ற துறவி, சிறு பையன்கள் லத்தீன் படிப்பதற்காகத் தம் தாய்மொழியான பழைய ஆங்கிலத்திலேயே ஓர் இலக்கணம் எழுதினார். பிரதிப்பெயரை அவர் விளக்கிய விதம் இன்றைய வகுப்பறைக்கும் பொருந்தும். உனக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்டால் டன்ஸ்டன் என்கிறாய். உனக்குக் குருப்பட்டம் தந்தவர் யார் என்று மறுபடி கேட்டால் ‘அவர்’ என்றாலே போதும், டன்ஸ்டன் என்று இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. டன்ஸ்டன் அப்போதுதான் மறைந்திருந்த கேன்டர்பரி பேராயர், பையன்கள் அறிந்த பெயர். எடுத்துக்காட்டை மாணவனின் சுற்றத்திலிருந்து எடுக்கும் நல்லாசிரியரின் கை அதில் தெரிகிறது.

அல்ஃப்ரிக் பேசிய ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலேயர் கேட்டால் புரியாது. அதில் ஒருமை, பன்மையோடு இருமையும் இருந்தது. நாம் இருவர் என்பதற்கு ‘வித்’, நீங்கள் இருவர் என்பதற்கு ‘யித்’. பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிவதற்குள் இரண்டும் வழக்கொழிந்தன. பொதுவாக ‘ஒருவர்’ என்று சொல்ல ‘மன்’ என்ற சொல் இருந்தது. அதுவும் மறைந்து, அந்த இடத்தில் எண்ணுப்பெயரான ‘ஒன்’ வந்து உட்கார்ந்தது. படர்க்கையில் ஆணுக்கு ‘ஹே’, பெண்ணுக்கு ‘ஹேயோ’, பலருக்கு ‘ஹீயே’. காலப்போக்கில் உச்சரிப்பு தேயத் தேய, பல வட்டாரங்களில் இந்த மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கின. போதாக்குறைக்கு ‘ஹிம்’ என்பது அவனுக்கு என்றும் பொருள்பட்டது, அவர்களுக்கு என்றும் பொருள்பட்டது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவியவர்கள், முதலில் கொள்ளையடிக்க வந்து பிறகு குடியேறிய வைக்கிங்குகள். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் டேனியர் ஆட்சிக்குப் போயின. 878-இல் மன்னர் ஆல்ஃப்ரெட் எடிங்டன் போரில் வென்று அவர்களைத் தடுத்தாரே தவிர, வந்தவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. அக்கம்பக்கமாக உழுதார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியின் ‘தெய்ர்’ வட இங்கிலாந்துப் பேச்சில் ‘தே’ ஆயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஆர்ம் என்ற துறவியின் எழுத்தில் அது உறுதியாகக் காலூன்றிவிட்டது. லண்டனுக்கு வந்துசேர இன்னும் காலம் பிடித்தது. 1400-இல் இறந்த கவிஞர் சாஸர், எழுவாயாக ‘தே’ எழுதினார். செயப்படுபொருளுக்கு மட்டும் பழைய ‘ஹெம்’, உடைமைக்குப் பழைய ‘ஹிர்’. அடுத்த நூற்றாண்டில்தான் ‘தெம்’, ‘தெயர்’ இரண்டும் தெற்கை வென்றன. ‘தெம்’ என்பதை ‘எம்’ என்று சுருக்கிப் பேசும் ஆங்கிலேயர், உண்மையில் அந்தப் பழைய ‘ஹெம்’ சொல்லைத்தான் இன்னும் உச்சரிக்கிறார்கள்.

ஒரு மொழி பிறமொழியிலிருந்து பொருட்பெயர்களைக் கடன் வாங்குவது சாதாரணம். தமிழுக்கு ஜன்னலும் அலமாரியும் சாவியும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தன. ஆனால் நான், நீ, அவன், அவர் எல்லாம் சொந்தச் சொற்கள். பிரதிப்பெயரைக் கடன் வாங்கும் அளவுக்கு இரு மக்கள் கலப்பது அபூர்வம். இங்கிலாந்தின் வடக்கே அப்படிக் கலந்தார்கள் என்பதற்கு ‘தே’ ஒரு கல்வெட்டைவிட உறுதியான சான்று.

‘ஷீ’ எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் இன்றும் உடன்படவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிய நாளாகமத்தில் அதன் தொடக்க வடிவம் தென்படுகிறது. ‘ஹேயோ’ என்பதே திரிந்து அப்படி ஆனது என்கிறார்கள் சிலர், ‘ஸேயோ’ என்ற சுட்டுச்சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் வேறு சிலர். ஆணையும் பெண்ணையும் ஒரே ஒலியால் சுட்ட நேர்ந்த நெருக்கடியில் மொழி தேடிக்கொண்ட வழி அது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

‘இட்ஸ்’ இவற்றிலெல்லாம் இளையது. நீண்ட காலம் ‘இட்’ என்பதன் உடைமை வடிவமும் ‘ஹிஸ்’தான். மரத்தின் கனியைச் சொல்லும்போதும் ‘ஹிஸ்’. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ‘இட்ஸ்’ அச்சில் தலைகாட்டுகிறது. 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதற்பதிப்பில் அந்தச் சொல்லே இல்லை. இன்று நாம் பார்க்கும் பதிப்புகளில், லேவியராகமத்தில் ஒரே ஓரிடத்தில் இருப்பதும் பிற்காலத் திருத்தம்.

மறுபடி ‘தௌ’ கதைக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் மரியாதைக் கணக்கு கிடையாது. ஒருவர் என்றால் அரசனுக்கும் அடிமைக்கும் ‘தௌ’, பலர் என்றால் ‘யீ’. செயப்படுபொருளாக வரும்போது முறையே ‘தீ’, ‘யூ’. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுப் பழக்கம் மேல்தட்டில் ஏறியது. பிரெஞ்சில் பெரியவரைப் பன்மையில் விளிப்பது போல, பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்திலும் மேலோரைப் பன்மையில் விளித்தார்கள். நீ, நீங்கள் என்று நாம் கடைப்பிடிக்கும் முறையேதான். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஒரு பாத்திரம் ‘யூ’ என்பதிலிருந்து ‘தௌ’ என்பதற்குத் தாவினால், கோபமோ கொஞ்சலோ வந்துவிட்டது என்று அன்றைய பார்வையாளர் அறிந்துகொண்டார்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இந்த மரியாதைப் பன்மையை ஒரு சமயக் குழு நேருக்கு நேர் எதிர்த்தது. நெசவாளி மகனான ஜார்ஜ் ஃபாக்ஸ் வழிநடத்திய குவேக்கர்கள், கடவுள் முன் எல்லோரும் சமம், ஒருவரைப் பலராக விளிப்பது பொய் என்றார்கள். நீதிபதியையும் பிரபுவையும் ‘தௌ’ என்றே விளித்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள். ஃபாக்ஸும் இரு தோழர்களும் 1660-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டு, பல மொழிகளிலிருந்து ஒருமை, பன்மை எடுத்துக்காட்டுகளைத் திரட்டித் தங்கள் பக்க நியாயத்தை நிறுவ முயன்றார்கள். பின்னாளில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் குவேக்கராக மாறியபோது, கடற்படைத் தளபதியான அவர் தந்தை ஒரு சமரசம் பேசினாராம். யாரை வேண்டுமானாலும் ‘தௌ’ சொல்லிக்கொள், மன்னரையும் அவர் தம்பி யார்க் கோமகனையும் என்னையும் மட்டும் விட்டுவிடு என்று.

சமத்துவம் கடைசியில் வந்தது, ஆனால் எதிர்த் திசையிலிருந்து. நகரங்களில் முன்பின் அறியாதவர்களோடு பேச வேண்டியிருந்தவர்கள், யாருடைய மனமும் புண்படாதிருக்க எல்லோரையும் ‘யூ’ என்றார்கள். ‘யீ’ என்ற எழுவாய் வடிவமும் ‘யூ’ வடிவத்தில் கரைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ‘தௌ’ ஜெபத்துக்கும் கவிதைக்கும் யார்க்‌ஷயர் போன்ற சில வட்டாரங்களின் பேச்சுக்கும் ஒதுங்கிவிட்டது. சமமாக்க வேண்டும் என்று எல்லோரையும் கீழே இறக்கிப் பேசிய குவேக்கர்கள் தோற்றார்கள். எல்லோரையும் மேலே ஏற்றிப் பேசிய வழக்கம் நிலைத்தது. இன்று ஒரு நீதிபதியும் அவருடைய டிரைவரும் ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் ‘யூ’தான்.

சொற்கள் இப்படி மாறிக்கொண்டிருக்க, வகைப் பட்டியல் எப்படி உருவானது? 1586-இல் வில்லியம் புல்லோக்கர் ஆங்கிலத்துக்கென முதல் இலக்கண நூலை வெளியிட்டார். லத்தீன் போல ஆங்கிலத்துக்கும் விதி உண்டு என்று காட்டுவது அவர் நோக்கம். அதனால் பள்ளிகளில் வழங்கிய லில்லியின் லத்தீன் இலக்கணத்தின் அச்சிலேயே ஆங்கிலத்தை வார்த்தார். 1653-இல் கணித மேதை ஜான் வாலிஸ் இதை மறுத்து, ஆங்கிலத்தை லத்தீன் சட்டத்துக்குள் திணிப்பது வீண் சிரமம் என்று எழுதினார். அதையும் அவர் லத்தீனில்தான் எழுதினார், படித்தவர்களின் பொது மொழி அதுவாக இருந்ததால்.

பள்ளிக்கூடங்களை ஆண்ட நூல் 1795-இல் வந்தது. எழுதியவர் லிண்ட்லி மரே, அமெரிக்காவில் வக்கீல் தொழில் செய்து, உடல்நலம் கெட்டு இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகே குடியேறியவர், குவேக்கர். உள்ளூர்க் குவேக்கர் பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் கேட்டதற்காக எழுதிய ‘இங்கிலிஷ் கிராமர்’, அட்லான்டிக்கின் இரு கரைகளிலும் பல லட்சம் பிரதிகள் விற்றது. மரே பிரதிப்பெயரை மூன்றாகப் பிரித்தார்: பெர்சனல், ரிலேட்டிவ், அட்ஜெக்டிவ். மூன்றாவதற்குள் உடைமை, பகுப்பு, சுட்டு, வரையறையின்மை என நான்கு உட்பிரிவு. நூறாண்டு கழித்து, வட இந்தியாவில் கல்வித்துறை அதிகாரியாக இருந்த ஜே. சி. நெஸ்ஃபீல்ட் இந்தியப் பள்ளிகளுக்கு எழுதிய இலக்கணத்தில் வகை நான்கு. 1930-களில் வெளிவந்து, தமிழ்நாட்டு வீடுகளிலும் அண்ணன் படித்து தம்பிக்குக் கைமாறிய ரென் அண்ட் மார்ட்டினில் வகைகள் இன்னும் கூடின. அந்த ரென், ‘போ ஜெஸ்ட்’ நாவலை எழுதிய பி. சி. ரென்தான். பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணியில் இருந்தவர்.

மூன்று, நான்கு, அதற்கும் மேல் என்று எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறக் காரணம் உண்டு. வகை என்பது சொல்லின் நெற்றியில் எழுதியிருப்பதன்று, வாக்கியத்தில் அது பார்க்கும் வேலை. ‘ஹெர்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘ஐ ஸா ஹெர்’ என்றால் அவளைப் பார்த்தேன், அது பெர்சனல் புரோநவுன். ‘ஹெர் புக்’ என்றால் பின்னால் ஒரு பெயர் நிற்கிறது, எனவே ‘ஹெர்’ அதற்கு அடைமொழி. மரே அதையும் புரோநவுன் என்றார், பின்வந்தவர்கள் பலர் பொசசிவ் அட்ஜெக்டிவ் என்றார்கள். ‘தட் இஸ் த ஹவுஸ் தட் ஹீ பில்ட்’ என்ற வாக்கியத்தில் ‘தட்’ இரண்டு முறை வருகிறது. முதலாவது விரல் நீட்டிச் சுட்டுகிறது, டெமான்ஸ்ட்ரேட்டிவ். இரண்டாவது வீட்டையும் அவன் கட்டியதையும் இணைக்கிறது, ரிலேட்டிவ். ‘ஹீ ஹர்ட் ஹிம்செல்ஃப்’ என்பதில் வினை செய்தவனிடமே திரும்புகிறது, ‘ஹிம்செல்ஃப்’ ரிஃப்ளெக்சிவ். அதை எடுத்துவிட்டால் வாக்கியம் ஊனமாகும். ‘ஹீ ஹிம்செல்ஃப் கேம்’ என்பதில் எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும், அங்கே அது அழுத்தம் மட்டும் கொடுக்கிறது, எனவே எம்ஃபேட்டிக். முதலில் தோன்றிய வேலையும் அந்த அழுத்தம்தான். பழைய ஆங்கிலத்தில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டான் என்பதற்கும் வெறும் ‘ஹிம்’ வடிவமே போதுமானதாக இருந்தது.

தமிழ் வழியில் படித்த மாணவரை அதிகம் அலைக்கழிப்பது ரிலேட்டிவ் புரோநவுன். ‘ஹூ’ என்றால் யார், ‘விச்’ என்றால் எது என்று மனப்பாடம் செய்தவருக்கு, கேள்விக்குறி இல்லாத வாக்கியத்தின் நடுவில் ‘ஹூ’ ஏன் நிற்கிறது என்பது விளங்குவதில்லை. காரணம் எளிது. தமிழில் அந்த வேலையைப் பெயரெச்சமே முடித்துவிடுகிறது. நேற்று வந்த பையன் என்கிறோம், தனிச்சொல் தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் ‘ஹூ’ கேள்விச் சொல்தான். இணைக்கும் வேலைக்கு வேறு சொற்கள் இருந்தன. அவை தேய்ந்தபோது, கேள்விச் சொல்லையே இணைப்புக்கும் பயன்படுத்தும் லத்தீன், பிரெஞ்சு எழுத்து நடையின் சாயலில் ‘விச்’, ‘ஹூம்’, கடைசியாக ‘ஹூ’ என ஒவ்வொன்றாக அந்த வேலைக்கு வந்தன. மனிதருக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’ என்ற பிரிவினையும் பிந்தியது. 1611 பைபிளின் பரமண்டல ஜெபத்தில் பிதாவுக்கே ‘விச்’தான். ஆகவே ‘ஹூ’ கண்ணில் பட்டவுடன், அது கேட்கிறதா சேர்க்கிறதா என்று பார்க்க மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும். வகைகளின் பெயரை உருப்போட வைப்பதைவிட அந்த ஒரு கேள்வி அதிகம் உதவும்.

எஞ்சியிருப்பது ஆங்கிலம் இன்றுவரை தீர்க்காத சிக்கல். தமிழில் ‘அவர்’ என்றால் ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலப் படர்க்கை ஒருமையில் மனிதரைக் குறிக்க ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டுதான். ‘எவ்ரிஒன்’ என்று தொடங்கிய வாக்கியத்தை எதைக் கொண்டு முடிப்பது? பதினான்காம் நூற்றாண்டு முதல் மக்கள் ‘தே’ கொண்டு முடித்தார்கள். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் அது எண்வழு என்று சிவப்புக் கோடு போட்டு, ‘ஹீ’ இருபாலுக்கும் பொது என்று விதித்தார்கள். அமெரிக்க வக்கீலும் இசையமைப்பாளருமான சார்லஸ் கன்வர்ஸ், இருபாலுக்கும் பொதுவாக ‘தான்’ என்று ஒலிக்கும் புதிய சொல்லை உருவாக்கி 1884-இல் வெளியிட்டார். 1934-இல் வெப்ஸ்டர் அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது. யாரும் பயன்படுத்தாததால் 1961 பதிப்பில் நீக்கிவிட்டது.

பள்ளிக்கூட விதியைச் சட்டமும் எடுத்துக்கொண்டது. ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1850-இல் சட்டம் இயற்றியது. அதை நம்பி மான்செஸ்டரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயரைச் சேர்க்கக் கோரினார்கள். 1868-இல் நீதிமன்றம் மறுத்தது. வாக்குரிமைச் சட்டத்தில் உள்ள ஆண் ஆண் மட்டுமே என்றது. இந்தியாவிலும் இதே கதை நடந்தது. 1897-ஆம் ஆண்டுப் பொது உட்கூறுகள் சட்டம் ஆண்பாலில் பெண்பால் அடக்கம் என்றது. அந்தச் சட்டம் இருக்கும்போதே, 1916-இல் ரெஜினா குஹா வக்கீலாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது கல்கத்தா உயர்நீதிமன்றம் பெண் என்ற காரணத்தால் தள்ளுபடி செய்தது. வரி கட்டவும் தண்டனை பெறவும் ‘ஹீ’ என்ற சொல்லுக்குள் இடம் கிடைத்த பெண்ணுக்கு, உரிமை கேட்டபோது இடம் கிடைக்கவில்லை. இலக்கண விதியைக் காட்டி நியாயம் பெற முடியாது என்பதால், 1923-இல் பெண் வழக்கறிஞர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எட்டாவது பிரிவு, ‘ஹீ’ என்ற பிரதிப்பெயரும் அதன் வடிவங்களும் ஆண், பெண் எவரையும் குறிக்கும் என்று வரையறுத்திருந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வாசகம் அப்படியே இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, ‘ஹீ’ என்ற சொல்லை மாற்றவில்லை. அது ஆண், பெண், திருநர் எவரையும் குறிக்கும் என்று வரையறையை மட்டும் விரித்திருக்கிறது.